போனை அவர்கள் கையிலேயே விடுங்கள்: மூன்று தலைமுறை வாழும் கொழும்பு வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடக்கும் போன் வகுப்பு பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த புதுப் போனைப் பேரன் கையில் வாங்கி, பத்து நிமிடத்தில் சிம்மைப் போட்டு, வட்ஸ்அப்பை ஏற்றி, குடும்பக் குழுவிலும் சேர்த்துவிட்டு, "இவ்வளவுதான் அம்மம்மா, லேசு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் ரியூஷனுக்கு ஓடிவிடுகிறான். திங்கட்கிழமை காலை அம்மம்மா வீட்டுத் தொலைபேசியிலிருந்து மகளின் அலுவலகத்துக்கு அழைத்து, "பிள்ளை, அந்தப் பச்சைப் படத்தைக் காணேல்லை" என்கிறார். இரவு பேரன் மறுபடியும் போனை வாங்கி, மறுபடியும் தன் விரலாலேயே சரிசெய்து கொடுக்கிறான். இரண்டு வாரத்தில் அந்தப் போன் அலுமாரிக்குள் போய்விடுகிறது. இந்த வயதில் இதெல்லாம் சரிவராது என்று அம்மம்மாவும் நினைக்கிறார், பேரனும் நினைக்கிறான்.

எங்கள் தொடர்மாடியிலும் உறவினர் வீடுகளிலும் இப்படி அலுமாரிக்குள் போன போன்களை வெளியே எடுத்துப் பழக்கி வருபவன் என்ற முறையில், முதன்முதலாக இன்னொரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். ஒருவர் புதுக் கருவியை எப்படித் தொடுகிறார் என்பதை அவருடைய வயதைவிட, அவருடைய இளமைக் காலத்தில் ஒரு பிழைக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதே தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம். ஆகவே பழக்கத் தொடங்கும் முன் அந்த விலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

யார் எந்த விலையைக் கொடுத்தார்கள்

இன்று எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், தட்டச்சுப் பொறியில் ஓர் எழுத்துப் பிழைத்தால் காபன் தாளுக்குக் கீழே இருந்த பிரதிகள் எல்லாமும் சேர்ந்து பிழைத்தன. பல வேளைகளில் முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. ஊருக்கு ட்ரங்க் கோல் என்ற தூர அழைப்பு எடுப்பதென்றால் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், இணைப்புக் கிடைத்த கணத்திலிருந்து காசு ஓடத் தொடங்கும். தொலைக்காட்சி இந்த நாட்டுக்கு 1979இல்தான் வந்தது, அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் வந்தது. அந்தப் பெட்டியின் பொத்தானைத் தொட வீட்டில் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் அனுமதி இருந்தது. இப்படி வளர்ந்த ஒருவர் தெரியாத பொத்தான் ஒன்றின் மேல் விரலைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பது மந்தத்தினால் அல்ல. அவர் வளர்ந்த உலகில் அதுதான் பொறுப்புள்ள ஒருவரின் நடத்தை.

நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டவர்கள் கணினியைக் காசு கட்டிப் படித்தவர்கள். காலி வீதியோரம் மாடிப்படியேறி, ஆறு மாத வகுப்பு முடித்து, சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பவர்கள். செல்டெல் நிறுவனம் 1989இல் இந்த நாட்டுக்குக் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்தபோதும் அது இவர்களில் பெரும்பாலானோருக்கு எட்டவில்லை. தொண்ணூறுகளில் கொமியூனிகேஷன் கடையின் சிறு கூண்டுக்குள் நின்று, ஓடும் மீட்டரில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே கனடாவில் இருந்த அண்ணனோடு பேசினார்கள். எதையும் ஒழுங்காக முதலிலிருந்து படித்தால்தான் தொடலாம் என்ற எண்ணம் இவர்களுக்கு உண்டு. இருபது வயதுக்காரருக்கோ பிழை என்பது ஏறக்குறைய இலவசம்: தவறாக அழுத்தினால் பின்னால் போகலாம், கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி இறக்கலாம். இந்தச் சுதந்திரத்தை அவர்கள் பிறவிக் குணம் என்று எண்ணிக்கொண்டு மற்றவர்களிடமும் எதிர்பார்க்கிறார்கள். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

முதற்படி: போனைப் பழக்காதீர்கள், ஓர் அலுவலைப் பழக்குங்கள்

2022 ஜூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் என்ற சதுரக் குறியைக் காட்டும் முறை வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் எல்லாவற்றையும் கொடுத்து, போனுக்கு வந்த ஓ.டி.பி. (ஒருமுறை மட்டும் செல்லும் இரகசிய) இலக்கத்தையும் இட்டுப் பதிய வேண்டியிருந்தது. அதற்கு முன்பு போனில் ஒரு படிவமும் நிரப்பியிராத பலர், ஓட்டோ சாரதிகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுமாக, சில நாட்களுக்குள் அதைச் செய்து முடித்தார்கள்; பலர் அந்தச் சதுரத்தை அச்சிட்டு லெமினேட் செய்து வாகனத்திலேயே வைத்துக்கொண்டார்கள். எவரும் அவர்களுக்குக் "கியூஆர் என்றால் என்ன" என்று பாடம் நடத்தவில்லை. வாகனத்துக்கு எண்ணெய் வேண்டும், அதற்கு இது வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே முதல் நாள் போனைத் திறக்காமலே, "இதில் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். கொழும்புத் தமிழ் வீடுகளில் எனக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ரொறன்ரோவிலோ லண்டனிலோ மெல்பேர்ணிலோ இருக்கும் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்படியென்றால் முதல் இரண்டு வாரம் காணொளி அழைப்பு மட்டுமே பாடம். அதோடு சேர்த்து நேர வித்தியாசத்தையும் சொல்லிக்கொடுங்கள். ரொறன்ரோவுக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை. லண்டனுக்கு நாலரை, ஐந்தரை. அகால வேளையில் அழைத்துவிட்டு மருமகளிடம் பேச்சு வாங்கிய பிறகு போனையே தொடாமல் விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு மணிக்கூடுகளைச் சுவரில் பக்கம் பக்கமாக மாட்டத் தேவையில்லை. போனின் முகப்பிலேயே இரு நகரங்களின் நேரத்தையும் வைக்க முடியும்.

இரண்டாம் படி: போனை அந்தக் கைக்கு ஏற்றதாக மாற்றுங்கள்

பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது இந்தப் படியைத்தான். இதற்கு ஒரு முழு மணித்தியாலம் ஒதுக்கலாம்.

"பச்சைப் படத்தைக் காணேல்லை" என்ற முறைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் அம்மம்மாவின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து அவருடைய விரலை மட்டும் பார்த்தேன். அவர் வட்ஸ்அப் படத்தைத் தட்டவில்லை. வீட்டு அழைப்பு மணியை அழுத்துவதுபோல அழுத்திப் பிடித்தார். அழுத்திப் பிடித்தால் படத்தை இடம் மாற்றவோ அகற்றவோ போகிறீர்கள் என்று போன் எடுத்துக்கொள்ளும். விரலை இழுத்தபோது பச்சைப் படம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அன்ட்ரொயிட் போனில் செட்டிங்ஸுக்குள் அக்செசிபிலிட்டி என்ற பகுதியில், எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் அதை "அழுத்திப் பிடித்தல்" என்று எடுக்க வேண்டும் என்பதை நீட்டி வைக்கும் வசதி இருக்கிறது. அதை மிக நீண்டதாக வைத்தேன். முகப்புத் திரையின் அமைப்பைப் பூட்டிவைக்கும் வசதியும் பல போன்களில் உண்டு, அதையும் போட்டுவிட்டேன். அன்றோடு பச்சைப் படம் ஓரிடத்தில் நின்றது. இத்தனை நாளும் அம்மம்மாவின் ஞாபக மறதி என்று நாங்கள் பேசிக்கொண்டது உண்மையில் அரைச் செக்கன் அழுத்தம்.

திரை அணையும் நேரத்தையும் மாற்றுங்கள். முப்பது செக்கனில் இருளும் போன், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கும் ஒருவரின் முன் ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்துவதற்குச் சமம்; இரண்டு நிமிடமாவது வேண்டும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், ஆனால் மிகப் பெரிதாக்கினால் சில செயலிகளில் பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடும் என்பதால் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். விரலால் வழித்து நகரும் முறைக்குப் பதிலாக, திரையின் அடியில் மூன்று பொத்தான்கள் நிலையாக நிற்கும் பழைய முறையைத் தெரிவுசெய்யுங்கள். கண்ணுக்குத் தெரியும் பொத்தான் ஒருவருக்குத் தரும் நிம்மதியைக் கண்ணுக்குத் தெரியாத சைகை தருவதில்லை. விரல் நுனி மிகவும் உலர்ந்திருந்தால் தொடுதிரை சில வேளைகளில் உணராது. அவர் பலமாக அழுத்துவார், அது மேலும் கெடுக்கும். கொஞ்சம் கிறீம் பூசிக்கொள்ளச் சொன்னாலே போதும்.

மொழியை மட்டும் நீங்களாக மாற்றிவிடாதீர்கள். தமிழர் என்பதால் போனைத் தமிழுக்கு மாற்றுவது மரியாதை என்று நானும் நினைத்திருந்தேன். ஆங்கிலத்தில் அலுவலகம் நடத்தி ஓய்வுபெற்ற கொழும்புப் பெரியவர்கள் பலருக்கு "அமைப்புகள்", "அறிவிப்புகள்" என்ற சொற்கள்தாம் புதிய மொழி. கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எழுதுவதற்குத் தமிழ் விசைப்பலகையை வையுங்கள்; அதைவிட நல்லது, ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினால் தமிழில் எழுத்தாக விழும் வசதியைக் காட்டுவது. இலங்கைத் தமிழுக்கென்று தனித் தெரிவும் அதில் உண்டு. வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பப் பழகிவிட்டால் எழுதும் தேவையே பாதியாகக் குறைந்துவிடும்.

மூன்றாம் படி: விரல் அவருடையது, வாய் உங்களுடையது

எதிரில் உட்காராதீர்கள், எதிரில் இருப்பவருக்குத் திரை தலைகீழாகத் தெரியும். ஒரே பக்கமாகக் கதிரையைப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் போனில் நீங்கள் மெதுவாகச் செய்து காட்டுங்கள். அடுத்து அவர் தன் போனில் செய்யட்டும், நீங்கள் வாயால் மட்டும் சொல்லுங்கள். அதன் பின் அவர் செய்யட்டும், நீங்கள் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். இந்த மூன்றாவது கட்டத்தில் அவருடைய விரல் இருபது செக்கன் தயங்கும். அந்த இருபது செக்கனையும் பொறுத்திருப்பது சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் கடினம். போனை வாங்கி நீங்களே அழுத்திவிட்டால் வேலை முடிந்துவிடும், பாடமும் அத்தோடு முடிந்துவிடும்.

"வட்ஸ்அப்பைத் திற" என்று சொல்லாமல், "பச்சை நிறத்தில், நடுவில் ரெலிபோன் உள்ள படத்தை ஒருமுறை தட்டுங்கோ" என்று சொல்லுங்கள். பிறகு வேண்டுமென்றே பிழை செய்ய வையுங்கள். தெரியாத ஒன்றைத் திறக்கச் சொல்லி, அங்கிருந்து முகப்புத் திரைக்குத் திரும்பும் பொத்தானைக் காட்டுங்கள். இதை ஆறேழு தடவை செய்யுங்கள். பிழைத்தால் திரும்பி வரலாம் என்பதைக் கை நம்பிய பிறகுதான் மற்றப் பாடங்கள் ஏறும். எண்பது வயதுக்காரர் ஒருவர் இந்தப் பயிற்சியின் பின், "அப்ப இது உடையாதோ?" என்று கேட்டார். அவருக்கு நான் நாலு வாரமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் அழகாக அச்சிட்டுக் கொடுக்கும் தாளை அவர் மடித்து வைத்துவிடுவார். தன் கையெழுத்தில் எழுதியதையே திரும்பப் பார்ப்பார். இளையவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டிருக்கிறேன். செயலி புதுப்பிக்கப்பட்டு பொத்தான் இடம் மாறும்போது கொப்பி பொய்த்துப்போகும் என்பது உண்மைதான், அதனால் "வலப்பக்க மூலை" என்று எழுதுவதோடு படத்தையும் சிறிதாகக் கீறிக்கொள்ளச் சொல்லுங்கள். கடவுச்சொற்களைக் கொப்பியில் எழுதலாமா என்று கேட்பார்கள். மறந்துபோன கடவுச்சொல்லைவிட அலுமாரிக்குள் பூட்டிய கொப்பி மேல் என்பது என் முடிவு. வங்கி அட்டையின் இரகசிய இலக்கம் மட்டும் அதில் வேண்டாம்.

நடுத் தலைமுறைக்கு வேறு முறை

பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்றவர்கள் முன்னிலையில் செய்யாதீர்கள். அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலே இருக்கும் அப்பா, தன் தாய்க்கு முன்னால் மகளிடம் பாடம் கேட்க மாட்டார். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் மின்கட்டணத்தைக் கட்ட வரிசையில் நிற்பார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, இருவரும் தனியே இருக்கும்போது, முதலில் அவருடைய பழைய திறமையிலிருந்து தொடங்குங்கள்.

பாமினி எழுத்துரு நல்ல உதாரணம். இந்தத் தலைமுறையில் தமிழில் தட்டச்சுச் செய்தவர்கள் பலர் பாமினியில் எழுதியவர்கள். அந்தப் பழைய கோப்பைப் போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஏதோ ஒன்று வரும், கோப்புப் பழுதாகிவிட்டது என்று பதறுவார்கள். பழுதாகவில்லை, பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களை மாட்டிய ஓர் ஏற்பாடு, அந்த எழுத்துரு இல்லாத கருவியில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரிகிறது. யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. இதை ஒருமுறை விளக்கிவிட்டால் அவர்களே இருபது வருடக் கடிதங்களை மாற்றி அடுக்கிவைப்பார்கள், ஏனென்றால் காரணம் தெரிந்த பிறகு ஒழுங்காகச் செய்வதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

இளையவருக்கும் ஒரு பாடம்

உயர்தரம் முடித்த என் உறவுப் பையனிடம் ஒரு விண்ணப்பத்தோடு சான்றிதழ்களை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். அவன் கட்டிலில் வைத்து எடுத்த நான்கு புகைப்படங்களை, தலைப்பும் இல்லாமல் ஒரு வரியும் இல்லாமல் அனுப்பிவிட்டான். கோப்புக்குப் பெயர் வைப்பது, ஒரே ஆவணமாக்குவது, கடிதத்துக்குத் தொடக்கமும் முடிவும் எழுதுவது எல்லாவற்றையும் அவனுடைய தாய் சொல்லிக்கொடுத்தார். விரல் வேகமும் விளக்கமும் ஒன்றல்ல. பேத்தியிடம் அம்மம்மா "இந்தப் படமெல்லாம் எங்கே போய் இருக்குது?" என்று கேட்கும்போது அவள் திணறுவதைக் கவனியுங்கள்; பழக்குகிறவருக்கு அது நல்ல வீட்டுப்பாடம்.

பணம் வரும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள்

இதுவரை பிழை மலிவு என்று சொல்லி வந்தேன். வங்கிச் செயலியில் அது பொய். உடனடிப் பரிமாற்றத்தில் தவறான கணக்குக்குப் போன பணத்துக்குப் "பின்னால் போ" பொத்தான் இல்லை. தட்டச்சுப் பொறிக் காலத்துப் பயம் இங்கே மறுபடி சரியான அறிவாகிறது. ஆகவே முதியவர் தயங்கும்போது "பயப்படாதேங்கோ" என்று தள்ளாதீர்கள். கடையில் லங்கா கியூஆர் சதுரத்தைப் போனால் படித்துப் பணம் செலுத்தும் முன் திரையில் வரும் கடைப்பெயரை வாய்விட்டு வாசிக்கப் பழக்குங்கள், பெரிய தொகைக்கு முன் சிறு தொகை அனுப்பிப் பார்க்கப் பழக்குங்கள்.

என் பெரியம்மாவுக்கு, உங்கள் பொதி வந்திருக்கிறது, சிறு கட்டணம் பாக்கி என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. லண்டனிலிருந்து மகள் எதையோ அனுப்பியிருப்பாள் என்று நினைத்து அட்டை இலக்கத்தையும் ஓ.டி.பி. இலக்கத்தையும் கொடுத்துவிட்டார். பணம் போனது அன்றே அவருக்குத் தெரியும். எங்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஏனென்றால் பிள்ளைகள் ஏசுவார்கள், போனையும் பறித்துவிடுவார்கள் என்று பயந்திருந்தார். உடனே அட்டையின் பின்புறம் உள்ள இலக்கத்துக்கு அழைத்திருந்தால் அட்டையையாவது அன்றே நிறுத்தியிருக்கலாம். ஆகவே இந்தப் பாடத்தின் முதல் வாக்கியம் "ஏமாந்தால் உடனே சொல்லுங்கள், ஒருவரும் ஏச மாட்டோம்" என்பதாக இருக்கட்டும். அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

அடுத்து கொப்பியில் தனிப் பக்கத்தில் எழுதவேண்டியது: போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுப்பதில்லை, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றாலும், தெரிந்தவரின் வட்ஸ்அப்பிலிருந்தே கேட்டாலும். தெரிந்தவரின் கணக்கைப் பிடித்தவர்கள்தாம் பெரும்பாலும் இப்படிக் கேட்கிறார்கள். சந்தேகம் வந்தால் அழைப்பை வைத்துவிட்டு, தன்னிடம் முன்பே உள்ள இலக்கத்துக்குத் தானே திரும்ப அழைக்க வேண்டும். வட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க இரகசிய எண்ணையும் போட்டுவையுங்கள். மறந்துவிடாமலிருக்க வட்ஸ்அப்பே இடைக்கிடை அந்த எண்ணைக் கேட்கும். அதையும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், ஏமாற்றுக்காரர் என்று பயந்து போனை அணைத்துவிடுவார்கள்.

குடும்பக் குழுவில் வரும் மருத்துவக் குறிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. பலமுறை கைமாறிய செய்திக்கு வட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடும். அந்தக் குறியைக் காட்டி, இது மாமா எழுதியது அல்ல என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது. காலை வணக்கப் படங்கள் போனை நிரப்பாமலிருக்கத் தானாக இறங்கும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது

சொல்லிக்கொடுப்பவர் கொட்டாஞ்சேனையிலோ கனடாவிலோ இருப்பார், பிரச்சினை வெள்ளவத்தையில் வரும். அப்போது "அதை அழுத்துங்கோ" என்று தொடங்காமல், திரையில் மேலிருந்து கீழாக என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லுங்கள்; வாசிக்கும்போதே அவர்களுக்கு விடை தெரிந்துவிடுவது உண்டு. முடியாவிட்டால், வட்ஸ்அப் காணொளி அழைப்பில் 2023 முதல் திரையைப் பகிரும் வசதி இருக்கிறது. அதை நேரில் இருக்கும்போதே இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள். பகிர்ந்தபடி வங்கிச் செயலியைத் திறக்கக் கூடாது, குடும்பத்தில் முன்பே தெரிவுசெய்த இரண்டு பேரைத் தவிர வேறு யார் கேட்டாலும் திரையைப் பகிரக் கூடாது என்பதையும், அந்த இருவரின் பெயரையும், அவரைக் கொண்டே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவியுங்கள்.